பரிமளம் அக்கா நின்ற விளிம்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, என்னை இங்கே பேசக் கூப்பிட்டவர்கள், "உங்கட காலத்தில போட்ட நல்ல ரோட்டொன்றப் பத்திச் சொல்லுங்க சேர்" என்று கேட்டார்கள். நல்ல ரோட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? குழியில் விழுந்தால்தானே சனம் ரோட்டைப் பற்றிப் பேசும். விழாதவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான். அதனால் நான் போட்ட ரோட்டைப் பற்றிப் பேசப் போவதில்லை. நான் வெட்டின ரோட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இரண்டும் ஒரே ரோட்டுத்தான் என்பது என் தலையெழுத்து.

மண் பரிசோதனை, சரிவு, தார் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கையிலிருக்கிற போனைத் தட்டினால் எல்லாம் வருமாம். வரட்டும், சந்தோசம். போனைத் தட்டினால் வராத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அந்த ஊர். பெயர் வேண்டாம். ஊருக்கு ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டை, மற்றப் பக்கம் வாவி. ஊருக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு மண் பாதை இருந்தது. மாரி பிறந்தால் பாதை தண்ணீருக்குள் போய்விடும், பிறகு தோணிதான். அந்தப் பாதையை உயர்த்தி, கிறவல் கொட்டி, தார் போட்டு ஒரு ரோட்டாக்கி எடுத்தது நானும் என் ஆட்களும். வேலை முடிந்த அன்று சந்தியில் நிறைகுடம் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். யாரும் எனக்கு மாலை போடவில்லை. பரிமளம் அக்கா என்ற மனுசி வந்து, "சேர், இனித்தான் எங்கட ஊரும் ஒரு ஊர்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாலையைவிட எனக்கு அது போதும்.

பரிமளம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருசன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஊரில் கோயில் கூட்டமென்றாலும் சரி, பள்ளிக்கூடக் கூட்டமென்றாலும் சரி, அவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வரும். ரோட்டு வந்ததும் முதல் வேலையாக அவர் லொறியில் ஒரு மோட்டரை இறக்கி, வீட்டோடு சேர்த்து ஒரு மா மில் போட்டார். சுற்றுப்பட்ட ஊர்ப் பெண்களெல்லாம் அரிசியைக் கொண்டுவந்து மாவாகக் கொண்டுபோனார்கள். என் ரோட்டில் போன முதல் சுமை எது என்று கேட்டால், அந்த மோட்டர் என்றுதான் சொல்வேன். அவரும் பிள்ளைகளும் சீவித்தது அதில்தான்.

இனி அந்த மாரிக்கு வருகிறேன். மழை விடாமல் கொட்டி, மேலே இருந்த குளங்களெல்லாம் நிரம்பி வான் பாய்ந்தன. அவ்வளவு தண்ணீரும் வட்டையால் இறங்கி வாவிக்குப் போக வேண்டும். குறுக்கே கிடந்தது என் ரோட்டு. ரோட்டுக்குக் கீழே இருந்த மதகுகளை, வெள்ளம் அள்ளிக்கொண்டுவந்த ஆற்றுவாழைச் செடி அடைத்துவிட்டது. ஊர் எந்த ரோட்டுக்காகக் காத்திருந்ததோ அந்த ரோட்டே ஊருக்கு அணைக்கட்டாகி, தண்ணீரை ஊருக்குள் தேக்கத் தொடங்கியது.

காலையில் நான் போய் இறங்கியபோது ஊரே ரோட்டில் நின்றது. பரிமளம் அக்கா முன்னால் வந்தார்.

"வெட்டுங்க சேர்! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? நீங்க போட்ட ரோட்டு எங்கள உசிரோட மூடப் போகுது!"

"அக்கா, மேலிடத்தில கேக்காம நான் வெட்ட ஏலா."

"தண்ணி ஆரிட்டக் கேட்டுக்கொண்டு சேர் ஊருக்குள்ள வந்த?"

போனை எடுத்தேன். எனக்கு மேலே இருந்தவர் நல்ல மனுசன்தான். ஆனால் அவர் இருந்த இடத்தில் மழை இல்லை. "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, புது ரோட்டு, வெட்டினால் கேள்வி வரும்" என்றார். நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னேன். நாமாக வெட்டினால் நாம் சொல்லும் இடத்தில் உடையும். விட்டால் அது நினைத்த இடத்தில் உடைந்து, எதிரே இருக்கிறவனை அள்ளிக்கொண்டு போகும் என்றேன். மத்தியானம் நெருங்கும்போது, "சரி, வெட்டுங்க. உங்கட பொறுப்பில" என்றார். உங்கட பொறுப்பில! பிள்ளைகளே, இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பென்சன் எடுக்கும்வரை நிழலுக்குப் பதிலாக இதுதான் உங்களோடு கூட வரும்.

மண் வெட்டி அள்ளும் பெக்கோவை ஓட்டியவர் நவாஸ், காத்தான்குடிப் பிள்ளை. அதிகம் பேசமாட்டார். ஊருக்கு வடக்கே ரோட்டு மிகவும் பதிந்து கிடந்த இடத்தைக் காட்டினேன். அவர் பெக்கோவின் வாளியைத் தூக்கினார். சனம் ஓவென்று சத்தம் போட்டது. நான் போட்ட ரோட்டை வெட்டுவதற்கு என் கண் முன்னாலேயே ஆரவாரம் செய்கிறார்கள். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போதுதான் என் போன் அடித்தது. ரோட்டின் வடக்கு முனையில் நின்ற அம்புலன்ஸ் சாரதி.

"சேர், வெட்டிராதீங்க! உள்ளுக்க இருந்து ஒரு நோயாளிய உழவு மெசின்ல ஏத்திக்கொண்டு வாறாங்க. நெஞ்சு நோவாம், பேச்சு மூச்சு இல்லயாம். தண்ணிக்குள்ளால நான் இதுக்கு அங்கால வர ஏலா. அவங்க இங்க வந்து சேரோணும்."

"தோணியில கொண்டுவர ஏலாதா?"

"வாவியப் பாருங்க சேர்."

பார்த்தேன். வாடைக் காற்றில் வாவி முழுக்க நுரை. தோணி இறக்கினால் நோயாளியோடு ஓட்டுகிறவனையும் தேட வேண்டி வரும்.

நவாசுக்குக் கையைக் காட்டி நிறுத்தினேன். சனத்தைப் பார்த்து விசயத்தைச் சொன்னேன். வெட்டச் சொல்லி எனக்கு உத்தரவு இருந்தது. பொறுக்கச் சொல்லி யாரும் உத்தரவு தரவில்லை. பொறுத்தால் வீடுகளுக்குள் தண்ணீர் போகும். வெட்டினால் மெசின் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த நிமிசம் எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் பரிமளம் அக்காவைப் பார்த்தார்கள். காலையிலிருந்து வெட்டு வெட்டு என்று தொண்டை கிழியக் கத்தியவர் அவர். ஊரிலேயே தாழ்ந்த காணி அவருடையது. தண்ணீர் அப்போதே மில்லின் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மோட்டர் கொங்கிரீட்டில் இறுக்கிப் பூட்டியது, லேசில் கழற்ற முடியாது. நாலைந்து ஆண்கள் நட்டுக் கழற்றும் சாவியோடு உள்ளே நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒருதரம் மில்லைப் பார்த்தார். பிறகு மெசின் வர வேண்டிய தெற்குப் பக்கம் பார்த்தார்.

"மெசின் வரட்டும்" என்றார்.

"அக்கா, மோட்டர் போயிருமேக்கா!" என்று யாரோ ஒரு பெண் கத்தினாள்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? வரட்டும் புள்ள." பிறகு என் பக்கம் கிறுகினார். "நீங்க என்ன சேர் மலைச்சுப்போய் நிக்கிறீங்க? அந்தப் பெக்கோவ வழியில இருந்து எடுக்கச் சொல்லுங்க!"

ஊரில் ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. நவாஸ் பெக்கோவைப் பின்னால் எடுத்து, வடக்கே ரோட்டு அகன்ற இடத்தில் ஒதுக்கிவிட்டு வந்தார்.

காத்திருந்தோம். அதற்குள் தண்ணீர் ரோட்டின் மேலால் ஏறிப் பாயத் தொடங்கியது. முதலில் தாரின் மேல் ஒரு பளபளப்பு, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். மெசின் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தபோது ரோட்டைக் காணவில்லை. பிள்ளைகளே, என் கையால் அளந்து போட்ட ரோட்டு அது. அதன் எந்த வளைவு எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த ரோட்டு என் கண் முன்னால் இல்லாமற் போய்விட்டது. அந்தப் பக்கம் வட்டையும் இந்தப் பக்கம் வாவியும் ஒரே நிறம், ஒரே தண்ணீர்.

மெசின் தெற்கே தண்ணீர் தொடங்கிய இடத்தில் நின்றுவிட்டது. ஓட்டி வந்தவன் எழுந்து நின்று கையை விரித்தான். எங்கே ஓட்டுவது என்று கேட்கிறான்.

முதலில் இறங்கியது பரிமளம் அக்கா. வாவிப் பக்க விளிம்பைப் பார்த்து விறுவிறு என்று தண்ணீருக்குள் நடந்தார்.

"அக்கா! அங்க போகாதீங்க! அந்தப் பக்கம் அரிக்குது!" என்று கத்தினேன்.

"அரிக்கிற பக்கம் எதெண்டு அந்தப் பொடியனுக்குத் தெரியோணும்லோ சேர்!"

பிறகு மில்லைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டேய், அத விடுங்கடா! எல்லாரும் இங்க வாங்க! விளிம்பில வந்து நில்லுங்க!"

மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த ஆண்கள் சாவியைப் போட்டுவிட்டு வந்தார்கள். பெண்கள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். அவர் செய்ய நினைத்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரோட்டின் இரண்டு விளிம்பிலும் ஆள் நின்றால், நடுவில் ரோட்டு இருக்கிறது என்று தெரியும்.

நான் உத்தியோகத்தன். சனத்தை அரிக்கிற விளிம்பில் நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. ஏறுங்கள் வெளியே என்று அதட்டியிருந்தால் ஏறியும் இருப்பார்கள். பொலிசைக் கூப்பிடுவேன் என்றால் போதும். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அதட்டினால் அந்த மெசின் வராது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஒருவர் கையிலிருந்த இரும்பு அலவாங்கைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, குத்திக் குத்திப் பார்த்தேன். அலவாங்கு இறங்கிய இடத்திலிருந்து ஆட்களை உள்ளே தள்ளினேன். கல்லில் மோதி நின்ற இடத்தில் நிறுத்தினேன். "கையை விடாதீங்க! நான் காட்டின இடத்துக்கு அங்கால ஒரு அடியும் வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே போனேன். நவாஸ் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு வந்து வரிசையில் ஒருவராக நின்றார். எனக்குத் தெரியாமலே என் கையையும் யாரோ பிடித்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தால் பரிமளம் அக்கா.

ஒரு விசயம் என் கண்ணில் பட்டது. இரண்டு வரிசையும் ரோட்டின் பக்கம் பார்த்து நிற்க, அவர் மட்டும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் நான் தாமதித்த கோபம் இன்னும் ஆறவில்லைப் போலும் என்று நினைத்தேன். கேட்பதற்கு அது நேரமில்லை.

மெசின் வந்தது. கடவுளே, அது வந்ததை நான் எப்படிச் சொல்வேன்! கண்ணுக்குத் தெரியாத ரோட்டில், இரண்டு பக்கமும் கைகோத்து நின்ற சனத்துக்கு நடுவே, ஒரு உழவு மெசின் ஆடி ஆடி வருகிறது. எங்கள் காலுக்குக் கீழே ரோட்டு அதிர்கிறது. விளிம்பில் மண் கரைந்து போவது பாதத்தில் தெரிகிறது. ஒருவர்கூட அசையவில்லை. என் முன்னால் வரும்போது மெசினின் பெரிய சில்லு என் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. பின்னால் இழுத்து வந்த பெட்டிக்குள் மழைக்குப் படங்கு போர்த்து யாரோ கிடந்தார்கள். பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஆள் எங்களைப் பார்த்துக் கும்பிடக் கையைத் தூக்கினார். பெட்டி ஆட, ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நெஞ்சில் வைத்தபடியே எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு போனார்.

மெசின் வடக்கே மேட்டில் ஏறியதும் ஒரு பெண் குரவை போட்டாள். பிறகு எல்லாப் பெண்களும் போட்டார்கள். கோயிலில் கேட்டிருக்கிறேன், கலியாண வீட்டில் கேட்டிருக்கிறேன். வெள்ளத்துக்கு நடுவே, ரோட்டில் நின்று, தங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது குரவை போட்ட பெண்களை அன்றுதான் பார்த்தேன். நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

எல்லோரும் மேட்டுக்கு ஏறியபின், "வெட்டு தம்பி" என்றேன். நவாஸ் வெட்டினார். நாலு வாளி அள்ளியதும் தண்ணீர் மிச்ச வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. என் ரோட்டு பாளம் பாளமாக வாவிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே இருந்தவர் போன் எடுத்து, "ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்றார். "ரோட்டில ஆக்கள் நிண்டாங்க சேர்" என்றேன். பொய் சொல்லவில்லையே! பின்னேரம் அம்புலன்ஸ் சாரதி, ஆளை உயிரோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். ஊருக்குள் வெள்ளம் வடியத் தொடங்கியது. ஆனால் மில்லுக்குள் தண்ணீர் மோட்டரை மூடிவிட்டுத்தான் இறங்கியது. அந்த மோட்டர் பிறகு ஓடவேயில்லை.

'ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ ஆர் நான் ஆர்' என்று நம் ஆட்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். நானும் எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு அதை என் வாயால் சொல்ல மனம் வரவில்லை.

வெட்டிய இடத்தில் இப்போது பாலம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். பாலத்தின் இரண்டு பக்கத்திலும் ரோட்டோரம் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நிற்கும். வரைபடத்தில் அத்தனை கல் இல்லை. நான்தான் அடம்பிடித்து வைப்பித்தேன். ஏன் இத்தனை என்று கேட்டவர்களிடம், மாரியில் விளிம்பு தெரிய வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நீங்களும் ஒரு நாள் உத்தரவு ஒரு பக்கமும் உயிர் ஒரு பக்கமுமாக நிற்பீர்கள். அப்போது மேலே பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். பக்கத்தில் நிற்கிற சனத்தையும் ஒருதரம் பாருங்கள். அதன்பிறகு அலவாங்கை எடுத்துக்கொண்டு உங்கள் வேலையைச் செய்யுங்கள்.

பென்சன் எடுத்த பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். பரிமளம் அக்கா மறுபடி மில் ஓட்டுகிறார். ஒரு வருசம் உரலில் இடித்து விற்று, ஊரும் கைகொடுத்து, எங்கிருந்தோ ஒரு பழைய மோட்டரைக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார். படியை மட்டும் நல்ல உயரமாகக் கட்டியிருந்தார். தேத்தண்ணீர் தந்தார்.

"அக்கா, அண்டைக்கு மெசின்ல போன ஆள் ஆர்?"

"தெரியா சேர்."

"இவ்வளவு காலமா நீங்க கேக்கவே இல்லயா?"

"என்னத்துக்கு? ரோட்டால போறவங்கட பேரக் கேட்டுப்போட்டா நீங்க ரோட்டுப் போட்டீங்க?"

தேத்தண்ணீரைக் குடித்து முடித்தேன். ஆனால் இத்தனை காலம் என் மனதில் கிடந்ததைக் கேட்காமல் வர முடியவில்லை.

"எல்லாரும் ரோட்டப் பாத்து நிக்க, நீங்க மட்டும் ஏனக்கா வாவியப் பாத்து நிண்டீங்க? என்னோட கோவமோ?"

அவர் மாப் படிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"உங்களோட என்ன கோவம்? நான் நிண்ட இடத்தில இருந்து ரோட்டப் பாத்தா, அதுக்கு நேர அங்கால மில்லுத் தெரியும் சேர். தண்ணி வாசல் ஏறுறதக் கண்டா என்ட கால் வீட்டுக்குக் கிறுகிரும். என்ட காலப் பத்தி எனக்குத் தெரியாதா? அதான் முதுகக் காட்டி நிண்டன்."

சொல்லிவிட்டு அடுத்த பை அரிசியை மில்லில் கொட்டினார். நான் எழுந்து கும்பிட்டேன். அவர் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.